ரிவர்ஸில் நின்ற டிராக்டர்

அத்தியாயம் 9

ஒரு மனிதனைக் கொன்ற வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக்கூரைப் பட்டறை. அதற்குள் நின்றது அது. முன்னால் பார்த்தால் லாரி, பின்னால் பார்த்தால் டிராக்டர். மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் லாரியைக் காயலான் கடையிலிருந்து இழுத்து வந்து, சேசிஸில் பாதியை வெட்டி எறிந்து, பின்பக்கம் பெரிய சக்கரம் மாட்டி உழவுக்கு விட்டிருந்தார்கள். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். பாண்டுரங்கனின் அப்பா பணத்தைப் போட்டார். ஒலக்கூர் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த சின்னப்பன் உடம்பைப் போட்டான். ஊரில் எல்லோரும் அதைப் பாண்டுரங்கன் வீட்டு டிராக்டர் என்றார்கள். வேறெப்படிச் சொல்வார்கள்?

"மாடும் எருமையும் சம்பந்தம் பண்ண மாதிரி இருக்கு மேடம்" என்றான் தேவா.

பிரபாவதி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டாலும் தேவா நிறுத்த மாட்டான். அவனுடைய வாய் சம்பளம் இல்லாமலே ஓவர்டைம் பார்க்கும். பிரபாவதி முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், ஓட்டியவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். இப்போது விழுப்புரம் ஜங்ஷன் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அந்த அலுவலகத்தில் தேவாதான் டிரைவர், குமாஸ்தா, டீ வாங்கி வருகிறவன், எல்லாம்.

வழக்கு இதுதான். எண்பதுகளில் ஒரு நாள், பாண்டுரங்கனின் அண்ணன் சீனுவாசன் இந்த டிராக்டரின் பின்சக்கரத்துக்கு அடியில் செத்துக்கிடந்தார். கியர் லீவர் ரிவர்ஸில் இருந்தது. அன்று காலையில்தான் அவருக்கும் சின்னப்பனுக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. அவர் வண்டியை ஓட்டக் கேட்க, இது பழகாத கைக்கு அடங்காது என்று சின்னப்பன் மறுத்துவிட்டான். காலனிக்காரன் ஊர்க்காரரைப் பார்த்து முடியாது என்று சொன்னதே பாதிக் கொலை. மீதியை லீவரும், அவன் ரிவர்ஸ்தான் போட்டான் என்று சொன்ன ஒரு சாட்சியும் நிரூபித்தன. பின்னால் நின்றவர் மேல் வேண்டுமென்றே ரிவர்ஸ் ஏற்றிக் கொன்றான் என்று ஆயுள் தண்டனை போட்டார்கள். நான் கூழ் குடிக்கப் போயிருந்தேன், வண்டியை எடுக்கவே இல்லை என்று கடைசிவரை சொன்ன சின்னப்பன் சில வருஷங்களில் ஜெயிலிலேயே செத்துப்போனான்.

அவனுடைய மகள் சவுரியம்மாள்தான் போன வாரம் மாடிப்படி ஏறி வந்தாள். விழுப்புரத்தில் நர்ஸ். கையில் செல்போன், அதில் ஒரு யூடியூப் வீடியோ. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிப் பாண்டுரங்கன் பெரிய ஹோட்டல் கட்டிக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்குத் திறப்பு விழா. வாசலில் இந்த டிராக்டரைப் புதுப்பித்து நிறுத்தி, 'கொலைகார டிராக்டர்' என்று போர்டு வைத்து, பக்கத்தில் சின்னப்பன் கதையையும் எழுதப் போகிறார்களாம். ஜனங்கள் காபி குடித்துவிட்டுப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். வீடியோவில் பாண்டுரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "எங்கண்ணன் கட்டை விரலக்கூட விடலங்க அந்தப் பாவி, முறுக்கி ஒடிச்சிருக்கான்."

சவுரியம்மாள் கேட்டது ஒன்றுதான். "எங்கப்பா பண்ணாரா, பண்ணலியான்னு எனக்குத் தெரியணும் மேடம். பண்ணியிருந்தாருன்னாலும் சொல்லிடுங்க."

அது தேவாவுக்கு உறுத்தியது. அப்பாவுக்காக வருகிறவர்கள் எங்கப்பா தங்கம் என்று மேஜையைத் தட்டிப் பேசித்தான் அவன் பார்த்திருக்கிறான். இவள் ஒரு முறைகூட அப்பா செய்திருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. அவள் போன பிறகு அவன் அதைச் சொன்னபோது பிரபாவதி, "நீயும் கவனிச்சியா" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை மூவரும் காரில் கிளம்பினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது தேவாவுக்குப் பொழுது போகவில்லை. அந்த வழக்கில் ஜூனியராக இருந்த ஒரு பழைய வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவர் சொன்ன கதையை எடுத்துவிட்டான். சின்னப்பன் கூண்டில் ஏறிக் கையைக் கூப்பி ஒரு விளக்கம் கொடுத்தானாம், கோர்ட்டே குலுங்கிச் சிரித்ததாம். அப்படி என்ன சொன்னான் என்று பிரபாவதி கேட்டார். தேவா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினான், குரலை இழுத்தான்.

"எசமான், என் வண்டி ரிவர்ஸ் போட்டா முன்னாடிதான் போவும்."

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். பின்சீட்டில் சின்னப்பன் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு சிரித்து முடித்த பிறகுதான் வந்தது. கண்ணாடியில் பார்த்தான். அவள் கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவாவுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

பட்டறைக்கு வந்ததும் சவுரியம்மாளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பிரபாவதியும் தேவாவும் உள்ளே போனார்கள். பழைய வண்டிகளைப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவர் என்று பிரபாவதியைப் பற்றித் தேவா போனில் சொல்லி வைத்திருந்ததால் பாண்டுரங்கன் இளநீர் வரவழைத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம், பேச்சில் தாராளம். டிராக்டரைச் செப்பனிடும் மெக்கானிக் மாசிலாமணியை அறிமுகப்படுத்தினார். மாசிலாமணி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே தன் குறையை ஆரம்பித்தான்.

ஒரு வண்டிக்கு ஒரு கியர் பாக்ஸ் போதாதா? இதில் இரண்டு இருக்கிறதாம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. இரண்டாவதன் லீவர் சீட்டுக்கு அடியில் சாண் நீளம்தான், மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்ததால் முதலில் அவன் கண்ணிலேயே படவில்லை. துருப்பிடித்து ஒரே இடத்தில் இறுகிக் கிடக்கிறது. என்றைக்கோ கடைசியாகத் தொட்டது, அப்படியே இருக்கிறது. நாளைக்கு அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, ஹேண்டில் சுற்றாமலே கிளம்ப செல்ஃப் மோட்டாரும் மாட்டிவிட்டால் புது வண்டி மாதிரி ஆகிவிடும் என்றான்.

பிரபாவதி டிராக்டருக்கு எதிரே இருந்த தகர ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில் ஒரு பெரிய ஒடுக்கு விழுந்து, டிராக்டரின் பழைய பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இது எப்படி ஆச்சு?"

மாசிலாமணிக்கு முகம் சுருங்கியது. முதல் நாள் இன்ஜினுக்கு உயிர் வந்த சந்தோஷத்தில், வண்டியைப் பின்னால் எடுக்கலாம் என்று கியர் போட்டானாம். "ரிவர்ஸ்தான் மேடம் போட்டேன். முன்னாடி வந்து மோதிடுச்சி. படிக்காத ஆளுதானே, தலைகீழா மாட்டி வெச்சிட்டான்."

இளநீரை வாயருகே கொண்டுபோன தேவா அப்படியே நின்றான்.

பாண்டுரங்கனுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவர் மனசு ஹோட்டல் திறப்பு விழாவில் இருந்தது. அன்றைக்குத் தன் கையாலேயே வண்டியைக் கிளப்பிக் காட்டப் போவதாகச் சொன்னார். இப்போதே ஒரு தடவை காட்டுங்களேன் என்று பிரபாவதி கேட்டார். பாண்டுரங்கன் உற்சாகமாகச் சட்டைக் கையை மடித்தார். பம்பருக்குக் கீழே இருந்த ஓட்டையில் இரும்பு ஹேண்டிலை நுழைத்து, ஐந்து விரலாலும் இறுகப் பிடித்துக் குனிந்தார்.

மாசிலாமணி பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மொதலாளி, கட்டை விரல மடக்காதீங்க. நாலு விரலோட சேத்து வெச்சிக்கோங்க. இன்ஜின் திருப்பி அடிச்சா ஹேண்டில் எகிறும், கட்டை விரல் முறிஞ்சிடும். பழகாதவன் எல்லாம் இதுலதான் மாட்டுவான்."

பாண்டுரங்கன் மெல்ல நிமிர்ந்தார். தன் கட்டை விரலையே பார்த்தார். வீடியோவில் கண்ணீரோடு சொன்ன மனிதருக்கு அது ஞாபகம் வராமல் இருக்குமா?

பிரபாவதி அவரை அவசரப்படுத்தவில்லை. தேவாவைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த மல்லாட்டைத் தோல் மூட்டையைக் கொண்டுவந்து டிராக்டருக்கு முன்னால், ஹேண்டிலுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் போடச் சொன்னார். விழுகிறவன் ஒரு பக்கமாகத்தானே விழுவான். முன் லீவரை ரிவர்ஸில் போட வைத்தார். பின் லீவரைத் தொட வேண்டாம் என்றார். பிறகு மாசிலாமணியிடம், கியர் போட்டபடியே, ஓரமாக நின்று ஹேண்டிலைச் சுற்று என்றார்.

"கியர்ல இருந்தா ஹேண்டில் சுத்தாது மேடம், கல்லு மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் அவன் கையை வைத்தான். ஹேண்டில் நியூட்ரலில் இருப்பதுபோல வழுக்கிக்கொண்டு சுற்றியது. மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. மாசிலாமணி விலகிக் குதித்தான்.

டிராக்டர் முன்னால் வந்தது. வேகமே இல்லை, ஒரு கிழவர் நடக்கிற நடை. முன்சக்கரம் மூட்டைமேல் ஏறி இறங்கியது. மூட்டை கிழிந்து தோல் சிதறியது. இன்ஜின் திணறவே இல்லை. பின்சக்கரம் ஏறும்போது பிரபாவதி கையைக் காட்ட, மாசிலாமணி எட்டி சுவிட்சை அணைத்தான்.

பின்சக்கரத்துக்கு அடியில் மூட்டை. லீவர் ரிவர்ஸில். கோர்ட்டில் எதைச் சொல்லி ஒரு மனிதனை உள்ளே தள்ளினார்களோ, அதே காட்சி.

"ரெண்டு கியர் பாக்ஸ்லயும் ரொம்ப மெதுவா போற கியர் ரிவர்ஸ்தான், பின் லீவர் அந்த ரிவர்ஸ்லயே இறுகிக் கிடக்கு" என்றார் பிரபாவதி. "ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒண்ண ஒண்ணு திருப்பிவிட்டு, வண்டி முன்னாடிதான் போகும். நடக்கிற வேகம், ஆனா எதையும் இழுக்கும்; கியர்ல இருந்தும் ஹேண்டில் லேசா சுத்தினது அதனாலதான். ஏர் ஓட்ட அதுதானே வேணும். தலைகீழா மாட்டலப்பா மாசிலாமணி, தெரிஞ்சேதான் மாட்டியிருக்காரு. ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டி. அதனால கியர்லயே நிறுத்திட்டு கூழ் குடிக்கப் போயிருக்காரு."

மீதிக் கதையைப் பிரபாவதி பாண்டுரங்கனைப் பார்த்துச் சொன்னார். காலையில் ஓட்டக் கேட்டுக் கிடைக்காத கோபம் சீனுவாசனுக்கு. சின்னப்பன் அந்தப் பக்கம் போனதும் தானே ஹேண்டிலை மாட்டினார். லீவர் ரிவர்ஸில் இருப்பதைப் பார்த்திருந்தாலும் பயந்திருக்க மாட்டார், போனால் பின்னால்தானே போகும். ஹேண்டில் எகிறியதில் விரல் முறிந்தது, வலியில் விழுந்தார். வண்டி மேலே ஏறி, உயரமான வரப்பில் முட்டி இன்ஜின் அணைந்து நின்றது. அடியில் ஆள், லீவர் ரிவர்ஸில். பார்த்தவர்கள் வண்டி பின்னால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"உங்கப்பா கோர்ட்ல என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?"

பாண்டுரங்கனுக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஹேண்டில் பிடிக்கிறவர்கள் இல்லை, அதற்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறோம் என்றார் பெரியவர். அந்தக் கௌரவத்தைக் கோர்ட்டும் அப்படியே எடுத்துக்கொண்டது. வண்டியை யார் கிளப்பியிருப்பார்கள் என்ற கேள்வி அத்தோடு செத்துப்போனது.

பாண்டுரங்கன் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் அந்தத் தாராளம் இல்லை.

"ஆஸ்பத்திரிலேருந்து பொணத்தக் கொண்டாந்ததும் குளிப்பாட்ட நாந்தான் தண்ணி ஊத்துனேன். உள்ளங்கை ரெண்டும் கிரீஸு. சீயக்கா போட்டுத் தேச்சும் போவல. அப்பா பாத்தாரு. வாய மூடிக்கினு தேய்டான்னாரு."

தேவாவுக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டா வீடியோவில் அழுதான் இந்த மனுஷன்?

பாண்டுரங்கன் நிமிர்ந்து பிரபாவதியைப் பார்த்தார். போர்டை எடுத்துவிடுவதாகச் சொன்னார். செல்ஃபியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆனால் அண்ணன் ஹேண்டில் பிடித்தார் என்பது மட்டும் வெளியே போக வேண்டாம் என்றார். ஊரில் தலைகாட்ட முடியாதாம். ஒருவன் ஜெயிலில் செத்ததற்கு வராத வெட்கம், அண்ணன் கையில் பட்ட கிரீஸுக்கு வந்தது.

"அது எங்க கையில இல்ல. நாங்க சின்னப்பன் பொண்ணுக்காக வந்தவங்க, அந்தப் பொண்ணு முடிவு பண்ணட்டும்" என்றார் பிரபாவதி. பிறகு மாசிலாமணியிடம், இந்த வண்டியில் இனி ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது என்றார். மாசிலாமணி முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினான்.

தேவா அதற்குள் வாசலை நோக்கி ஓடத் தயாராகிவிட்டான். அப்பா கொலைகாரன் இல்லை என்று ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்கிற வேலை அவனுக்குத் தினமும் கிடைக்கிறதா என்ன? பிரபாவதி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க ஓடுற?"

"நல்ல சேதிதானே மேடம். ஜல்தியா சொல்ல வேணாமா?"

"சின்னப்பன் ரிவர்ஸ் போட்டாருன்னு கோர்ட்ல ஒரு சாட்சி இருந்துச்சே. அது யாருன்னு நீ கேக்கவே இல்லியே."

தேவா கேட்டிருக்கவில்லை. பாண்டுரங்கன் வீட்டு ஆள் யாராவது பொய் சொல்லியிருப்பான் என்று நினைத்திருந்தான். பிரபாவதி பட்டறை வாசல் கேட்டுக்கு வெளியே பார்த்தார். அவனும் பார்த்தான்.

சவுரியம்மாள் காரில் இல்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது இறங்கி வந்தாளோ, டிராக்டர் முன்னால் போனதைப் பார்த்திருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதைப் பார்த்ததும் தேவாவுக்கு எல்லாம் புரிந்துபோனது, புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் இருந்தது.

அவள் உள்ளே வந்தாள். பாண்டுரங்கனைத் தாண்டி வந்தாள், அவர் பக்கம் திரும்பவில்லை. ஈரப் பெயின்டைப் பற்றிக் கவலைப்படாமல் மட்கார்டில் கையை வைத்தாள். ஏர் ஓட்டும்போது அவள் உட்கார்ந்து வந்த இடம் அது. அப்போது அவளுக்கு ஏழு வயது. கியர்களின் பெயர்களை அப்பா பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்.

"அன்னிக்கிக் காலையில கூழ் குடுத்துட்டு நான் வூட்டுக்கு வந்துட்டேன் மேடம். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தாரு. அப்பா ரிவர்ஸ் போட்டாரான்னு கேட்டாரு. எங்கப்பா எப்பவும் ரிவர்ஸ்தான் போடுவாருன்னு சொன்னேன். பெருமையா சொன்னேன். வண்டி எந்தப் பக்கம் போவும்னு அவரு கேக்கல. எனக்கும் சொல்லத் தெரியல. கோர்ட்லயும் அதையேதான் சொன்னேன்."

பெரியவளான பிறகு, ரிவர்ஸ் என்றால் பின்னால் போவது என்று உலகம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. மட்கார்டில் உட்கார்ந்து முன்னால் போன ஞாபகம் மங்கிப்போனது. தான் சொன்ன சொல் மட்டும் மங்கவில்லை. அப்பா செய்திருக்கிறார், நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றே வாழ்ந்திருக்கிறாள். இல்லாவிட்டால் அவளால் வாழ்ந்திருக்க முடியாது.

"அவரு உங்களக் கோவிச்சிக்கலியா?" என்று தேவா கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"பாக்கப் போனேன், ஒரே ஒரு தபா. கம்பிக்கு இந்தாண்ட நின்னுக்கினு அழுதேன். நான் சொன்னது நெசந்தானேப்பான்னு கேட்டேன். நெசந்தாம்மா, நீ பொய்யே சொல்லல, போயி நல்லா படின்னாரு." அவள் கை மட்கார்டிலிருந்து நகரவில்லை. "நான் அழக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான், அப்பாவே ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சிக்கினேன். அதுக்கப்புறம் பாக்கப் போவல மேடம். செத்தப்பகூட போவல."

வெளியே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிரபாவதி அவள் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, கொடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று நிற்கிற நாள்கள் இந்தத் தொழிலில் உண்டு.

சவுரியம்மாள் கையை எடுத்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. தேவாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, காலையில டோல்கேட்டாண்ட சொன்னீங்களே, எங்கப்பா கோர்ட்ல சொன்னது. அத இன்னொரு தபா சொல்லுங்க."

தேவா மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கையைக் கூப்பவில்லை, குரலை இழுக்கவும் இல்லை.

"எசமான், என் வண்டி ரிவர்ஸ் போட்டா முன்னாடிதான் போவும்."

காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டைப் பார்த்து, "ஆமாப்பா" என்றாள் சவுரியம்மாள்.